இருட்டாத ஊரில் செபநேரம்

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஓடாவிட்டால் எனக்கென்ன, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன்தானே நான், ஆனாலும் புறங்கை தன் பாட்டுக்குப் போய் ஜன்னலுக்குக் கீழே இருக்கிற தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. சூடு இல்லை. அதிர்வு சீராக இருக்கிறது. கப்பல் இஞ்சின் அறையில் பன்னிரண்டு வருஷம் கிடந்தவனுக்கு இந்த வியாதி போகாது, சவப்பெட்டிக்குள் வைத்து மூடினாலும் பலகையைத் தொட்டுப் பார்ப்பீர்கள் என்று ஜெசிந்தா சொல்வாள். என் மனைவி. எதிர் சீட்டில் மடியில் மக்ரூன் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூத்துக்குடியிலிருந்து அந்த டப்பா விமானம் மாறி விமானம் ஏறி வந்ததில் முக்கால்வாசி பொடியாகிவிட்டது, இருந்தும் அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை எங்களுக்கு. வெளியே சுவிட்சர்லாந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஏரி, மலை, மாடு, மறுபடி ஏரி. எல்லாம் காலண்டரில் பார்த்த மாதிரியே இருப்பதால் எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. என் பக்கத்தில் மகன் இனிகோ, எட்டு வயது, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு மாடு எண்ணுகிறான், எண்ணட்டும். நான் அமலியைப் பார்க்கிறேன். அமலிக்கு நாலு வயது. அம்மாவின் கைக்கு அடியில் நுழைந்துகொண்டு, ஷூ போட்ட காலை ஆட்டிக்கொண்டு, நான் வேறு பக்கம் திரும்புகிற சமயமாகப் பார்த்து என்னைப் பார்க்கிறாள். நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடைக்கண்ணால் பார்த்தால் அதையும் கண்டுபிடித்துவிடுகிறாள். என் மகள்தான். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் அவளைப் பார்த்த நாளிலிருந்து இந்த ரயில் வரைக்கும் என்னை ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடவில்லை. "அம்மா, அவியள தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்கிறாள். மரியாதையில் குறைச்சல் இல்லை, அவிய என்றுதான் சொல்கிறாள், வாடகை வசூலிக்க வந்தவரைச் சொல்கிற மாதிரி. இனி மிலான், அப்புறம் ரோம், அவ்வளவுதான். ரோமில் அவர்கள் மூன்று பேரும் விமானம் ஏறுவார்கள், நான் ஜெனோவாவுக்குப் போய் அடுத்த கப்பலில் ஏறுவேன். அதற்குள் கூப்பிட்டுவிடுவாள். கூப்பிடாமல் எங்கே போய்விடுவாள். கூப்பிடாவிட்டால் என்ன என்கிற கேள்வி வந்ததும் புறங்கை மறுபடியும் தகட்டைத் தேடிப் போனது.

இந்த ஐரோப்பா ஜெசிந்தாவின் யோசனை. பழைய கப்பல் பழுது பார்க்க ராட்டர்டாமில் நின்றுவிட்டது, அடுத்த கப்பல் ஜெனோவாவுக்கு வந்து சேர நாளாகும், நடுவில் ஊருக்கு வந்து போகிறேன் என்று போனில் சொன்னேன். நெட்வொர்க் போய்விட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் நிதானமாகக் கேட்டாள், "ஊருக்கு வந்தா நீங்க எங்களுக்கா வாரிய?" போன தடவை போனபோது இறங்கின மறுநாளே பெரியம்மா மகன் கல்யாணம். அது முடிந்து ஒரு ஞானஸ்நானம், அது முடிந்து வீட்டு மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடியதும் கோவில் கொடியேற்றம், நடுவில் கப்பல்காரன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு வாசலில் செருப்பு குறையாமல் ஆட்கள். அமலிக்கு அப்போது இரண்டரை வயது. முழித்திருக்கிற பிள்ளையைவிடத் தூங்குகிற பிள்ளையைத்தான் அதிகம் பார்த்தேன். இந்த நெற்றி, இந்த வாய் திறந்த தூக்கம், அதுதான் என் நினைவில் இருந்த மகள். "கோடை லீவுதான. நாங்க அங்க வாரோம். சொந்தக்காரங்க இல்லாத ஊரா பாத்து ஒரு சுத்து சுத்துவோம்" என்றாள். உலகத்தில் எல்லோரும் ஐரோப்பாவுக்குப் பனியைப் பார்க்கவும் கோபுரத்தைப் பார்க்கவும் வருகிறார்கள், நாங்கள் சொந்தக்காரர் இல்லாத ஊரைப் பார்க்க வந்தோம். அதில் ஒரு கணக்கு பிசகிவிட்டது என்று வந்த பிறகுதான் தெரிகிறது. ஊரில் என்றால் அத்தை மடியிலிருந்து பெரியப்பா மடிக்கு, அங்கிருந்து சித்தி இடுப்புக்கு என்று பிள்ளை கை மாறிக்கொண்டே இருக்கும், அந்தப் போக்கில் என் மடிக்கும் வந்துவிடும், வந்தது அதற்கே தெரியாது. இங்கே கை மாற ஆளில்லை. ஜெசிந்தா மடிக்கும் என் மடிக்கும் நடுவில் ஒரு மேஜை இருக்கிறது, அதைத் தாண்டித்தான் வர வேண்டும், தெரிந்தே வர வேண்டும். வெள்ளைக்காரர்களைப் பார்த்து அமலி சிரிக்கிறாள். ஆம்ஸ்டர்டாமில் படகு ஓட்டுகிறவனுக்கு டாட்டா காட்டினாள். நான் மட்டும்தான் இந்தக் கண்டத்திலேயே அவளுக்கு அந்நியன்.

எப்படி இப்படி ஆனது என்று யோசித்தால் யாரையும் குறை சொல்ல வழியில்லை, நல்ல எண்ணத்தில் செய்ததுதான். எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் குடும்ப செபம். செபமாலை சொல்லி முடித்ததும் பிள்ளைகள் பெரியவர்களிடம் போய்த் தோத்திரம் என்று நெற்றியைக் காட்டுவார்கள், பெரியவர்கள் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார்கள். எனக்கு என் அப்பா போட்டார், அவருக்கு அவர் அப்பா போட்டிருப்பார். பிள்ளைகளுக்கு அப்பாவின் சிலுவை இல்லாமல் போகக் கூடாது என்று ஜெசிந்தா ஒரு வழி கண்டுபிடித்தாள். செபம் முடிகிற நேரத்துக்கு எனக்கு வீடியோ கால் போட்டு, மாதா சுரூபத்தின் பாதத்தில் போனைச் சாய்த்து வைத்துவிடுவாள். இனிகோ வந்து தோத்திரம் சொல்லி நெற்றியைக் காட்டுவான். அமலியைத் தூக்கிக் காட்டுவாள், நடக்கத் தெரிந்த பிறகு அவளே வந்து போனில் நெற்றியை ஒட்டிவிடுவாள். எனக்குத் திரை முழுக்க நெற்றி, கண்ணும் தெரியாது மூக்கும் தெரியாது, புருவத்துக்கு மேலே ஒரு கொசுக்கடித் தழும்பு மட்டும் பெரிசாகத் தெரியும். நான் கேமரா மேல் கட்டைவிரலை வைத்துச் சிலுவை போடுவேன். அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு விநாடி இருட்டும். அவ்வளவுதான் அப்பா. விளக்கு வைத்த பிறகு வருவார், மாதா காலடியில் இருப்பார், முகம் மட்டும் உண்டு, கால் கிடையாது, எப்போதும் சிரிப்பார், குளிர்ந்த கண்ணாடியாக இருப்பார், சிலுவை போடும்போது இருட்டும். நான் சிங்கப்பூரில் இருந்தும் போட்டேன், சூயஸ் கால்வாயில் வரிசையில் நின்றபோதும் போட்டேன், கடல் நடுவில் சிக்னல் இல்லாத நாட்களில் வெறும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டேன். விமான நிலையத்தில் அவளைப் பார்த்ததும் முதல் காரியமாகக் கட்டைவிரலை அவள் நெற்றியில் வைத்தேன். எத்தனை மாசமாக அந்த விரலுக்கு இருந்த ஆசை அது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய விரல், ஆனாலும் சொரசொரப்பு எங்கே போகும். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்புறம் கையால் நெற்றியைத் துடைத்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, குழந்தை அழுகிறது என்று நாலு பேர் சிரித்திருப்பார்கள். மூக்கைத் துடைக்கிற மாதிரி சாதாரணமாகத் துடைத்துவிட்டு அம்மாவின் பையைப் பார்த்தாள்.

சரி, செபநேரத்தில் பழகிக்கொள்வாள் என்று இருந்தேன். செபநேரம் வர வேண்டுமே. இங்கே இருட்டவே மாட்டேன் என்கிறது. மே மாதக் கடைசி, ஒன்பது மணிக்கும் வெயில் சுவரில் நிற்கிறது, பிள்ளைகள் நடந்து களைத்து வெளிச்சத்திலேயே தூங்கிவிடுகிறார்கள். வழியில் தங்கிய கொலோனில் ஜெசிந்தா ஓட்டல் அறையில் திரைச்சீலையை இழுத்து மூடி, செபமாலையை எடுத்து உட்கார்ந்தாள். அமலி எழுந்து போய்த் திரையை ஒதுக்கி வெளியே பார்த்தாள். "வெயிலடிக்கும்மா. இப்ப செபம் இல்ல" என்றாள். ஜெசிந்தா செபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டாள். அதே கொலோனில்தான் பெரிய கோவிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அது நடந்தது. ஜெசிந்தா தண்ணீர் வாங்க வரிசையில் நின்றாள், இனிகோ அவளோடு போனான், அமலியும் நானும் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தோம். அவள் எழுந்து காலைப் பின்னிக்கொண்டு நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. "வா மக்கா, அப்பா கூட்டிட்டுப் போறேன்" என்றேன். வரவில்லை. கையை நீட்டினேன். கையைப் பார்த்தாள். தூக்கலாம் என்று குனிந்தேன், ஓரடி பின்னால் போனாள், போய் அப்படியே நின்றுவிட்டாள், மூத்திரம் கால் வழியாக இறங்கி வெள்ளைக் காலுறை நனைந்துவிட்டது. சத்தமே போடவில்லை. நான் மண்டி போட்டு உட்கார்ந்து கைக்குட்டையால் துடைத்துக் காலுறையைக் கழற்றினேன். ஒரு காலைத் தூக்கும்போது தடுமாறினாள். என் தோள் அங்கேதான் இருந்தது, அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில், பிடிப்பதற்கென்றே வைத்த மாதிரி. அவள் இரண்டு கையையும் விரித்துக் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு இந்தப் பயணத்தில் வேறு எதுவும் நினைவில் நிற்காது என்று நினைக்கிறேன். கோவில் எவ்வளவு உயரம் என்று இனிகோ கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தத் தடுமாற்றம் தெரியும், அந்த விரித்த கை தெரியும்.

இனிகோவுக்கு என்னோடு ஒட்டிக்கொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை. அவனுக்கு என்னிடம் வேலை இருந்தது. கப்பலில் எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டான். இஞ்சின் இரைச்சலில் காதை மூடிக்கொண்டுதான் நிற்போம், கத்தினாலும் கேட்காது, கையைக் காட்டுவோம், இல்லாவிட்டால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம் என்றேன். அன்றிலிருந்து அதுதான் விளையாட்டு. முஷ்டியை மடக்கினால் நிறுத்து. உள்ளங்கையைத் தாழ்த்தினால் வேகத்தைக் குறை. காலைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமில்லாமல் வாயசைத்து ஜாம் கேட்பான், நான் எடுத்துத் தருவேன், வேண்டுமென்றே வெண்ணெயை எடுத்துக் கொடுத்தால் தலையில் அடித்துக்கொள்வான். அமலி கரண்டியை வாயில் வைத்தபடி எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவளும் ஒரு நாள் வாயசைப்பாள் என்று காத்திருந்தேன். பிள்ளை சோறு கேட்கிற நேரத்தில் நான் அதன் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஜெசிந்தா கவனித்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு சொன்னாள், "அவளுக்கு ஒரு அவசரமும் இல்ல. உங்களுக்குத்தான் அவசரம். இது என்ன கப்பலா, கரை சேத்துட்டு இறங்குறதுக்கு?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்குத் தெரியாமலா இருக்கு, தெரியும். ஒத்துக்கத்தான் நாளாவும்" என்றாள். நாள் எங்கே இருக்கிறது, அதைத்தான் நான் கேட்கவில்லை. அடுத்த தடவை பார்க்கும்போது அவளுக்கு ஐந்து வயது ஆகியிருக்கும், பள்ளிக்கூடம், சிநேகிதிகள், அப்பா என்ன வேலை என்று டீச்சர் கேட்டால் போனில் இருக்காவ என்று சொல்வாளோ. சிரிப்பு வருகிறது, வந்து பாதியில் நின்றுவிடுகிறது. அந்தப் போன் ஆளை நினைத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நோகாமல் வந்து சிரித்துவிட்டுப் போகிறவன். அவனுக்கு வியர்க்காது, குறட்டை கிடையாது, அம்மா பக்கத்தில் படுக்க மாட்டான். அவனோடு போட்டி போட என்னால் ஆகாது. சொந்த மூஞ்சியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஜன்னல் பட்டென்று கறுத்துவிட்டது. காது அடைத்துக்கொண்டது, சக்கரச் சத்தம் மாறியது, கல் சுவருக்குள் போய்விட்டோம் என்று உடம்புக்கு முதலில் தெரிந்தது. "அப்பா, இதாம்ப்பா கோத்தார்ட் சுரங்கம். உலகத்துலயே நீளமான ரயில் சுரங்கம்" என்றான் இனிகோ. மாடு போய்விட்ட கண்ணாடியில் இப்போது நாங்கள் நாலு பேரும் இருக்கிறோம், மஞ்சள் விளக்கில், ஒரு வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி. அமலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மாவின் கையை விலக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள், அந்தப் பக்கத்து ஜன்னலையும் பார்த்தாள். எல்லா ஜன்னலும் கறுப்பாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டாள்.

"ராத்திரி ஆயிட்டு" என்றாள்.

"இது சுரங்கம்ட்டி. மலைக்குள்ள போறோம்" என்றான் இனிகோ.

"இருட்டிட்டுல்லா. அம்மா, அப்பாக்குப் போன் போடுங்க."

ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை. டப்பா மூடியைத் திருகிக்கொண்டே, "அப்பாதான் இந்தா இருக்காவளே" என்றாள்.

அமலி என்னைப் பார்த்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. நேராக, பொறுமையாக, கடையில் தப்பான சாமானை எடுத்துக் கொடுத்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இவிய இல்ல. போன் அப்பா" என்றாள். உதடு பிதுங்கியது. "எத்தன நாளாச்சு. அப்பா வரவே இல்ல."

எனக்கு எங்கே அடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. இவிய இல்ல என்றதில் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். வரவே இல்ல என்றதில்தான். இத்தனை நாளும் நான் அவளுக்காக ஏங்கிக்கொண்டு இந்தப் பக்கத்து சீட்டில் இருந்தேன், அவள் எனக்காக ஏங்கிக்கொண்டு அந்தப் பக்கத்து சீட்டில் இருந்திருக்கிறாள். இருட்டினால் வருவார் என்று ஒவ்வொரு நாளும் பார்த்திருப்பாள், இந்தப் பாழாய்ப்போன ஊரில் இருட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. ஜெசிந்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. கதவுப் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தாள். நான் எழுந்தேன். பாத்ரூம் போகிறவன் மாதிரி நிதானமாக நடந்து, பெட்டிக் கடைசியில் இருக்கிற கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, பச்சைப் பொத்தானை அழுத்தி, வெளியே போனேன். கதவு பின்னால் மூடிக்கொண்டது. ஒரு மனிதர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார். பாத்ரூம் கதவு, குப்பைத் தொட்டி, இரும்புச் சுவர். சுவரில் முதுகைச் சாய்த்தேன். போனில் பின்னணி கப்பல் மாதிரியே இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் வெட்கமாகவும் இருந்தது. போன் அடித்தது.

திரையில் நெற்றியும் ஒரு கண்ணும். "அப்பா." எவ்வளவு சுலபமாக வருகிறது. "அப்பா, எங்க போனிய? ஏன் வரவே இல்ல?"

"இருட்டலையே மக்கா" என்றேன். "இருட்டினாத்தான வருவேன்."

"இங்கயும் இருட்டவே இல்லப்பா. இப்பத்தான் இருட்டிச்சு. நீங்க கப்பல்லயா இருக்கிய?"

இதற்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "சுரங்கத்துல இருக்கேன்."

"நாங்களும் சுரங்கத்துலதான்." அவள் சிரித்தாள். சிரிப்பு போனில் ஒரு நொடி பிந்தி வந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு சீட் தள்ளி நிஜச் சிரிப்பு எனக்குக் கேட்காமல் நடந்து முடிந்திருக்கும். "அப்பா, இங்க ஒரு அப்பா வந்திருக்காவ."

"அப்படியா."

"எப்பப் பாத்தாலும் என்னையே பாத்துக்கிட்டு இருக்காவ. சிரிக்கவே மாட்டாவ. கையப் பிடிச்சாவன்னா கை வேர்க்கும்."

சிரிக்க மாட்டேனாம். பயத்தில் இருக்கிறவன் எப்படிச் சிரிப்பான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன், வாய் கேட்டுவிட்டது. "அவியள உனக்குப் பிடிக்கலயா?"

அவள் யோசித்தாள். திரையில் கூரை விளக்கு தெரிந்தது, அம்மாவின் காது தெரிந்தது, மறுபடி அவள் மூக்கு. என் முதுகுக்குப் பின்னால் வண்டி மலையைக் குடைந்துகொண்டு போகிறது, ஒரு மலைக்கு ஒரு முடிவு இருக்கும், எந்த நிமிஷமும் வெளிச்சம் வந்துவிடும், வந்தால் இவள் ராத்திரி முடிந்தது என்று வைத்துவிடுவாள். "முழு மக்ரூன எனக்குத் தந்துட்டு, அவிய பொடியத் திங்காவ" என்றாள். அது பிடிக்கிறது என்பதற்கா, பிடிக்கவில்லை என்பதற்கா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது. "கொலோன்ல என் காலெல்லாம் தொடச்சாவ. ஏசல. பாக்கியளா? காட்டட்டா?"

திரை கலங்கியது, சீட் காலும் கார்ப்பெட்டும் ஓடின. இறங்கிவிட்டாள். "இங்கதான் இருந்தாவ. காணும்ப்பா." இனிகோவின் முழங்கை. "அண்ணே, அவிய எங்க?" இனிகோ என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. "அப்பா, வைக்காதிய. தேடிக்கிட்டு வாரேன்." நான் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தேடிக்கிட்டு வாரேன். என்னைத் தேடுகிறாள். அவனுக்குக் காட்டுவதற்காக என்னைத் தேடுகிறாள், இருக்கட்டும், தேடுகிறாள். ஒளிந்துகொள்ளலாமா, பாத்ரூமுக்குள் போய்விடலாமா, பார்த்தால் பயந்துவிடுவாளோ, இரண்டு பேரும் ஒருவன்தான் என்று தெரிந்தால் இரண்டு பேரையும் சேர்த்து இழந்துவிடுவாளோ, பொய் சொன்னான் என்று நினைப்பாளோ. மனசு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளே போட்டுவிட்டது. கால் நகரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து ஆடியபடி, ஒரு கையில் போனை உயர்த்திக்கொண்டு அமலி வந்து நின்றாள்.

என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். என் கையில் இருக்கிற போனைப் பார்த்தாள். நான் திருடிப் பிடிபட்டவன் போல நின்றேன். "அமலி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, என் வாய் அசைந்ததும் அவள் போனிலும் அந்த ஆளின் வாய் அசைந்திருக்கும், ஒரு நொடி பிந்தி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்க முயற்சி செய்தேன். எப்படி வந்ததோ தெரியாது, அழுகைக்குப் பக்கத்தில் ஏதோ வந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அவசரமில்லாமல் போனைக் கீழே இறக்கினாள். "தோத்திரம்" என்று என் கையில் இருந்த போன் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு அவள் நெற்றியைக் கண்ணாடிக் கதவில் ஒட்டினாள். கொசுக்கடித் தழும்பு, அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் குனிந்து மண்டி போட்டேன். கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தேன். வண்டி ஆடியதில் சிலுவை கோணலாகப் போனது, நெடுங்கோடு புருவம் வரைக்கும் இறங்கிவிட்டது. கண்ணாடி குளிர்ந்திருந்தது. எத்தனை கடலில் இருந்து போட்டதும் இந்தக் குளிர்ச்சிதான், இதற்கு மேல் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்றால் இது போதும் என்று சொல்லிப் பார்த்தேன். போதவில்லை.

வெளிச்சம் வந்துவிட்டது. அடித்த மாதிரி வந்தது, பெட்டி முழுக்க வெயில், மரங்கள், வேறு மாதிரி வீடுகள். அமலி கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள். போனை வாய்க்குக் கொண்டுபோனாள். "விடிஞ்சிட்டுப்பா. வச்சிரட்டா?" என்றாள், நான் பதில் சொல்வதற்குள் பழக்கப்பட்ட விரல் சிவப்புப் பொத்தானைத் தொட்டுவிட்டது. என் திரை கறுத்தது. முடிந்தது. இனி மிலானில் இருட்டாது, ரோமில் இருட்டும் நேரத்தில் தூங்கியிருப்பாள். நான் மண்டி போட்டபடியே இருந்தேன், எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவளுக்குப் பின்னால், தூரத்தில், ஜெசிந்தா சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள், வராமல் நிற்கிறாள். அமலி திரும்பிப் போவாள் என்று காத்திருந்தேன். போகவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, கதவு நல்ல கனம். வாய் திறந்தது, உதடு ஒட்டியது, மறுபடி திறந்தது. இரைச்சலில் நின்று உதடு பார்த்துப் பிழைத்தவன் நான், இந்த ஒரு வார்த்தையைத் தப்பாகப் பார்க்க முடியாது. ஆனாலும் நம்பவில்லை. உள்ளங்கையை விரித்து, இன்னொரு தடவை என்று காட்டினேன். அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. கதவைக் கையால் தட்டி, மறுபடி அதே வார்த்தையைச் சொன்னாள், அதோடு இன்னும் ஏதோ சேர்த்துச் சொன்னாள், காலைப் பின்னிக்கொண்டு நின்றாள். நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். கதவு நகர்ந்து, அவள் குரல் பாதியிலிருந்து கேட்டது.

"...ப்பா, ஒண்ணுக்கு வருது. சீக்கிரம்."

பாத்ரூம் கதவு என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. உள்ளே இரண்டு பேர் நிற்க இடமில்லை, நான் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு குனிந்தேன். வண்டி ஒரு வளைவில் ஆடியது. "இதப் பிடிங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, அமலி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள்.